கரை தேய்ந்தாலும் முறை தேயலாகாது

(கல்முனைக் கரையோரக் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற உரை)



பெரியநீலாவணையில் தொடங்கித் தெற்கு நோக்கிக் கடற்கரை வழியே நடப்பவன் மருதமுனையைக் கடக்கிறான்; பாண்டிருப்பைக் கடக்கிறான்; கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனக் கடந்து ஒலுவிலை அடைகிறான். ஓர் ஊரிலே பள்ளிவாசலின் பாங்கோசை கேட்கிறது. அடுத்த ஊரிலே கோயிலின் மணியோசை கேட்கிறது. ஊர் மாறுகிறது, வழிபாடு மாறுகிறது. ஆயின் மணல் ஒன்றே, அலை ஒன்றே, வளைக்கும் வலையும் ஒன்றே, வலை இழுப்போர் வாயில் எழும் மொழியும் ஒன்றே.

இந்தக் கரையிலே மீன்பிடிக்கும் உரிமை எவ்வாறு பங்கிடப்படுகிறது, அந்தப் பங்கீடு இன்று ஏன் ஆட்டங் கண்டிருக்கிறது, அதனை நிலைநிறுத்த நாம் செய்ய வேண்டியது யாது என்பவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம். இது கடலுக்குப் போவோரின் கவலை மட்டுமே என்று வயலுக்குப் போவோர் எண்ணிவிடலாகாது. பங்கீட்டின் நுட்பத்தை வயல்தான் முதலிற் கற்றது. அந்தப் பாடத்தைக் கடல் இப்போது கேட்டு நிற்கிறது.

கடலில் வேலி இல்லை. ஆனால் ஒழுங்கு உண்டு

கடல் பொதுச் சொத்து என்பர் எல்லோரும். பொதுச் சொத்து என்றால் யாரும் எப்போதும் எப்படியும் அள்ளலாம் என்று பொருள் கொள்வோரும் உளர். கரைவலைத் தொழிலைக் கண்ணாற் கண்டவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார்.

கரைவலை வளைப்பது எப்படி? கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையிலே பிடித்துக்கொள்கிறார்கள். தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள்ளே சென்று அரைவட்டமாக வலையை இறக்கி, மறு தலைப்புக் கயிற்றோடு அப்பால் ஓரிடத்திற் கரையேறுகிறது. பின்னர் இரண்டு அணிகள் இரு முனைகளையும் பற்றி இழுத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன. இறுதியில் மடி கரையேறுகிறது. கீரியும் நெத்தலியும் பாரைக்குட்டியும் மணலிலே துள்ளுகின்றன. இத்தனைக்கும் வேண்டியவை மூன்று: கல்லும் பாரும் இல்லாத அடித்தளம், இழுப்போர் நின்று நகர்வதற்கு நீண்ட மணற்பரப்பு, தோணியும் வலையும் கிடப்பதற்கு வாடி நிலம்.

இதிலிருந்து ஓர் உண்மை தானாகவே விளங்கும். ஒரே இடத்தில் ஒரே வேளையில் இரண்டு வலைகள் வளைக்க இயலாது. முன்னவன் வலை கரையேறும்வரை பின்னவன் காத்திருந்தே தீரவேண்டும். ஆகவே இடத்தைப் பிரிக்க வேண்டும். அல்லது வேளையைப் பிரிக்க வேண்டும். அல்லது இரண்டையும் பிரிக்க வேண்டும். இடத்துக்குப் பாடு என்று பெயர். வேளைக்கு முறை என்று பெயர். பாடும் முறையும் இல்லாத கரையிலே மீன் விழுவதற்கு முன் தலை விழும்.

பாடு என்னும் சொல்லின் அழகைச் சற்றே நினைத்துப் பாருங்கள். படும் துன்பமும் பாடு. உழைக்கும் உழைப்பும் பாடு. வலை போடும் இடமும் பாடு. உழைக்கின்றவனுக்கே உரிமை என்னும் நீதியை நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கி வைத்துவிட்டனர்.

உலகம் கண்ட உண்மை

1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் என்பவர் பொதுச் சொத்து எப்போதும் அழிவையே அடையும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவனும் தன் இலாபத்தையே நாடுவான். அடுத்தவன் அள்ளுவதற்கு முன் தான் அள்ளுவான். ஆதலால் தனியார் கைக்கோ அரசின் கைக்கோ ஒப்படைப்பதைத் தவிர வழியில்லை என்பது அவர் வாதம். அரசாங்கங்களுக்கு அந்த வாதம் இனித்தது.

ஆயின் எலினோர் ஒஸ்ட்ரம் என்னும் அம்மையார் உலகெங்கும் மீனவரும் உழவரும் மேய்ப்பரும் நடத்திவரும் ஒழுங்குகளைத் திரட்டி ஆராய்ந்து, 1990இல் ஒரு நூலாக வெளியிட்டார். தாமே விதி வகுத்து, தாமே காவல் காத்து, தாமே தண்டித்துப் பொதுச் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் உண்டென அவர் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

அவர் எடுத்துக்காட்டிய இடங்களுள் ஒன்று துருக்கி நாட்டின் அலன்யா. சுமார் 100 மீனவர்கள் தொழில் செய்த சிறு கரை அது. ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பரில் அவர்கள் கூடி, வலை போடத்தக்க இடங்கள் அனைத்தையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டனர். சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் இடம் எடுத்தனர். செப்ரெம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் கிழக்கே ஓர் இடம் நகர்ந்தனர். ஜனவரிக்குப் பின்னர் மேற்கே ஓர் இடம் நகர்ந்தனர். நல்ல இடமும் மட்டமான இடமும் எல்லோர் பங்கிலும் வந்தன. பொலிசு தேவைப்படவில்லை. தன் நாளிலே தன் இடத்தில் இன்னொருவன் நின்றால் உரியவனே கேட்பான். மற்றவர் அனைவரும் அவன் பக்கம் நிற்பர். ஏனெனில் நாளைக்கு அதே உரிமை அவர்களுக்கும் வேண்டுமல்லவா?

துருக்கிக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிப்போர் பாட்டு முறையை நெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். நமது நாட்டிலேயே நீர்கொழும்புக் களப்பில், கட்டுதெல் என்னும் கட்டுவலைத் தொழிலுக்கு இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடும் வழக்கம் உண்டு. அங்குள்ள நான்கு மீனவர் சங்கங்கள் அதனை நடத்துகின்றன. அங்கே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வழக்கம் வாய்வழக்காக மட்டும் நின்றுவிடவில்லை. 1958இல் அரசாங்கம் அதனை விதிகளாக்கி வர்த்தமானியிற் பிரசுரித்தது. மக்கள் வகுத்த முறை சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

நீர்கொழும்புக்குக் கிடைத்தது கல்முனைக்கு ஏன் கிடைக்கலாகாது? இந்த வினாவை நெஞ்சிலே நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மாவெல்லை தரும் எச்சரிக்கை

வழக்கம் என்றால் எல்லாம் நன்மையே என்று நாம் மயங்கிவிடலாகாது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் தங்காலைக்கு அண்மையில் மாவெல்லை என்னும் கடற்கரைக் கிராமம் உண்டு. அங்கும் கரைவலையே தொழில். அங்கும் முறை உண்டு. வலைகள் வரிசை தவறாமல் இடம் மாறி வந்தன. யாருக்கும் அநீதி இல்லை. ஆயினும் அந்த ஊர் நொடிந்தது. ஏன்?

வலையின் தொகைக்கு எல்லை இல்லாமற் போனதே காரணம். மீனின் விலை ஏறியபோது வசதி படைத்தோர் புதிது புதிதாக வலை கட்டி வரிசையிற் சேர்த்தனர். தொகையைக் கட்டுப்படுத்தும் விதி ஏட்டிலே இருந்தது. அதனை நடைமுறைப்படுத்தாதபடி அரசியற் செல்வாக்குக் குறுக்கே நின்றது. 1970களின் தொடக்கத்தில் அச்சிறு கரையிலே வலைகளின் தொகை நூறைத் தாண்டியிருந்தது. கடலிலே மீன் பெருகவில்லை. கரையிலே வலை பெருகிற்று. ஒரு வலைக்கு முறை வருவதற்குள் பருவமே கழிந்துவிடும் நிலை நேர்ந்தது. வலையிலே போட்ட முதல் முடங்கியது; வலை இழுத்தவன் வயிறு காய்ந்தது.

மாவெல்லை கற்பிப்பது யாது? முறை மட்டும் போதாது. முறைக்கு உள்ளே வருவோர் தொகைக்கும் வரம்பு வேண்டும். வரம்பு இல்லாத வயலிலே தண்ணீர் நிற்குமா?

பழவேற்காடு தரும் எச்சரிக்கை வேறு. அங்கே பாட்டு உரிமை மூன்று குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் குடும்பங்களின் கையில் நின்றது. பிற்காலத்தில் பிழைப்புத் தேடி ஏரிக்கு வந்த ஏனைய சாதியினருக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. உள்ளே இருப்பவனுக்கு நீதியாகத் தோன்றும் முறை, வெளியே நிற்பவனுக்கு அடைத்த கதவாகத் தோன்றும். சண்டையும் அங்கிருந்தே பிறந்தது. பல சமயத்தவர் அருகருகே வாழும் நமது கரைக்கு இந்தப் பாடம் மிகமிக அவசியம்.

நமது கரைக்கு வந்த சோதனைகள்

இனி நமது கரையை நோக்குவோம்.

முதலாவது சோதனை போர். மூன்று தசாப்த காலம் கடலுக்குப் போகும் வேளையையும் தூரத்தையும் துப்பாக்கியே தீர்மானித்தது. அடுத்தடுத்த ஊரவர் ஒருவர் கரையில் ஒருவர் நின்று பேசும் பழக்கம் அறுந்தது. எல்லைத் தகராற்றைப் பெரியவர்கள் வாடியிலே அமர்ந்து தீர்த்த காலம் போய், அது இனத் தகராறாக உருவெடுக்கும் காலம் வந்தது.

இரண்டாவது சோதனை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை. இலங்கையிலே மிகக் கூடிய உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வலை மருதமுனை என்றோ பாண்டிருப்பு என்றோ பார்க்கவில்லை; சாய்ந்தமருது என்றோ காரைதீவு என்றோ பார்க்கவில்லை. தோணி போயிற்று; வலை போயிற்று; எல்லையாக நின்ற மரமும் மதிலும் வாடியும் போயின. எந்தப் பாடு எங்கே தொடங்கிற்று என்று சொல்லத் தெரிந்த முதியோர் பலரும் போயினர். அதன்பின் அரசாங்கம் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்று அறிவித்தது. அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டதாயினும் கடற்றொழிற் குடும்பங்கள் பல கரையை விட்டு உள்ளே குடியேறின. உதவி நிறுவனங்களோ முன்யோசனையின்றிப் படகுகளைப் பகிர்ந்தன. இலங்கையின் கரையெங்கும் முன்பிருந்ததைவிடக் கூடுதலான சிறு படகுகள் வந்து சேர்ந்தன. உதவியின் பெயரால் மாவெல்லையின் நோய் எங்கும் பரவியது.

மூன்றாவது சோதனையே இன்று நம்மை வருத்துவது. 2008இல் டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் ஒலுவிலில் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 2013இல் அது திறக்கப்பட்டது. நமது கிழக்குக் கரையோரத்தில் அலையின் போக்கு ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துவது. வாய்க்காலிலே தண்ணீர் ஓடுவது போலக் கரையோரத்திலே மணல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லணையை நீட்டினால் என்ன நேரும்? தெற்கே மணல் குவியும்; வடக்கே மணல் வற்றும். அதுவே நேர்ந்தது. துறைமுகத்தின் வாயில் மணலால் அடைபட்டது. ஆழ்கடற் படகுகள் உள்ளே வரமுடியாமல் வாழைச்சேனைக்குப் போகலாயின. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. தென்னந்தோப்பு விழுந்தது, காணி கடலிற் கரைந்தது. அதற்கும் வடக்கே காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது வரை கடலரிப்பின் முறையீடு எழுந்தது.

2018இல் நாம் கண்ட காட்சி வேதனைக்குரியது. துறைமுக வாயிலின் மணலை அள்ளித் தருமாறு கடற்றொழிலாளர் கோரினர். அள்ளினால் தங்கள் நிலம் மேலும் அழியும் என்று கரையோரக் காணிக்காரர் எதிர்த்தனர். இரு சாராரும் ஒரே மொழி பேசுவோர். பெரும்பாலும் ஒரே சமயத்தவர். பலர் ஒருவருக்கொருவர் உறவினர். மணல் செய்த பகையை மனிதர் சுமந்தனர்.

கரை போனால் போவது என்ன?

ஒரு விவசாயியின் காணியைக் கடல் கொண்டுபோனால் அவனிடம் உறுதி இருக்கிறது. உறுதியைக் காட்டி, என் நிலம் இத்தனை பேர்ச் என்று அவன் கேட்கலாம். நட்டஈடு கிடைக்குமோ கிடைக்காதோ, கேட்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு.

கரைவலைக்காரனின் பாட்டைக் கடல் கொண்டுபோனால்? அவன் எதைக் காட்டுவான்? மணற்பரப்பு அரசாங்கத்துக்கு உரியது. அவன் கையில் இருப்பது தொழிலுக்கான உரிமம். பாட்டன் காலத்திலிருந்து இன்ன மரத்திலிருந்து இன்ன மரம் வரை எங்கள் பாடு என்பான். மரம் எங்கே? கடலிலே. கரை குறுகக் குறுக அவன் என்ன செய்வான்? அடுத்தவன் பாட்டிலே வலை வளைக்க முயல்வான். அடுத்தவன் தடுப்பான். அடுத்தவன் அடுத்த ஊரவனாக இருந்தால், அவ்வூரும் மற்றைய சமயத்தவர் ஊராக இருந்தால், மீன் சண்டை எந்தச் சண்டையாக மாறும் என்பதை உங்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

இதுவே நாம் இன்று சொல்ல வந்த முக்கிய செய்தி. கடலரிப்பு நிலத்தை மட்டும் அரிக்கவில்லை, பங்கீட்டையும் அரிக்கிறது. மண்ணுக்கு ஒதுக்கும் கருங்கல்லைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். முறைக்கு அணை கட்டுவது பற்றி எவரும் பேசுகின்றாரில்லை.

வயல் கற்பித்த வழி

வழி இல்லையா? உண்டு. அதனை அறிந்தவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கும் விவசாயிகள்.

குளத்திலே தண்ணீர் குறைந்த ஆண்டில் இலங்கை உழவர் என்ன செய்வார்கள்? வரண்ட வலயத்துக் குளங்களிலே பெத்ம என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வயல் முழுவதற்கும் தண்ணீர் போதாது என்று கண்டால், குளத்தை அடுத்த மேல்நிலத்தை மட்டும் விதைப்பார்கள். ஆனால் அந்த மேல்நிலத்தை அதன் சொந்தக்காரர் மட்டும் விதைப்பதில்லை. கடை நிலத்துக்காரனுக்கும் அவனுடைய பங்கின் அளவுக்கு அந்தப் போகத்துக்கு மட்டும் மேல்நிலத்திலே இடம் கொடுப்பார்கள். மழை பெய்து குளம் நிறைந்தால் அவரவர் நிலம் அவரவர்க்கே. பஞ்சத்தை ஒருவன் தலையிற் கட்டாமல் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பெருந்தன்மை அது.

நமது மாவட்டத்தில் நடந்ததையும் நினையுங்கள். கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையிலே மேல்வாய்க்காலில் சிங்கள உழவர். கடைவாய்க்காலில் தமிழ் பேசும் உழவர். தண்ணீர் கடைக்கு வருவதில்லை. வாய்க்கால் பாழடைந்து கிடந்தது. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே உழவர் குழுக்களை உருவாக்க முற்பட்டன. உழவரே கூடி வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கடைநிலத்துக்கு அனுப்பினர். மொழி வேறான உழவர்கள், கொழும்பின் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளிலே, தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மொழி வேறானோர்க்கு இயன்றது ஒரே மொழி பேசும் நமக்கு இயலாதா?

கடலுக்கும் இதுவே வழி. ஒருவன் பாடு தேய்ந்தால் அவன் மட்டும் பட்டினி கிடக்கலாகாது. எஞ்சியிருக்கும் பாடுகள் அனைத்தும் ஒரே வரிசையாக்கப்பட்டு, எல்லா வலைகளும் முறை வைத்து அதிலே வளைக்க வேண்டும். கரை மீண்டும் வளர்ந்தால் பழைய எல்லை மீண்டும் வரட்டும். குறைந்ததைக் குறைவாகப் பங்கிடுவோம். வயலில் வட்டை விதானையை வைத்து நாம் செய்வதைக் கரையிலும் செய்வோம்.

செய்ய வேண்டியவை

வெறும் ஆசையைச் சொல்லி அமர்வதற்கு நாம் இங்கு வரவில்லை. செய்யத்தக்கவை ஐந்தினை முன்வைக்கின்றோம்.

முதலாவது, பாட்டுப் பதிவேடு. ஒவ்வோர் ஊரின் கடற்றொழிலாளர் சங்கமும் தன் கரையிலுள்ள பாடுகளைப் பெயர் சொல்லி, எல்லை சொல்லி, முறை சொல்லி எழுதிவைக்க வேண்டும். மரமும் மதிலும் எல்லையாகா, அவை போய்விடும். இன்று கைத்தொலைபேசியிலேயே அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளலாம். ஊரிலே படித்த இளைஞர்கள் இதனைச் செய்து கொடுக்கட்டும். எல்லையோரப் பக்கத்தில் இரு ஊர்ச் சங்கங்களும் ஒப்பமிடட்டும். அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே இது நடந்தாக வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தின் கூரை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம், ஒரு கடற்பகுதியையும் அதனை அடுத்த நிலத்தையும் முகாமைப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்க அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. அத்தகைய பிரதேசத்திலே தொழில் செய்வோர் தமக்கென ஒரு குழு அமைத்துப் பதிவுசெய்துகொள்ளவும் அச்சட்டம் இடந் தருகிறது. ஆகவே நாம் புதிய சட்டம் கேட்கவில்லை. உள்ள சட்டத்தை நமது கரைக்கும் பயன்படுத்துமாறு கேட்கிறோம். பெரியநீலாவணை முதல் ஒலுவில் வரை ஒரே முகாமைப் பிரதேசமாகட்டும். ஊருக்கொரு குழுவாகச் சிதறினால் எல்லைச் சண்டையைத் தீர்ப்பவர் எவர்? ஜப்பானிலே 1949ஆம் ஆண்டின் சட்டம் கரையோர மீன்பிடி உரிமையை ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் ஒப்படைத்தது. 2014இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஏற்ற சிறு மீன்பிடி வழிகாட்டி நெறிகளும் மரபுவழி உரிமையை மதிக்குமாறு அரசாங்கங்களைக் கேட்கின்றன. நாம் கேட்பது உலகம் ஏற்ற நீதியே.

மூன்றாவது, குழுவில் யார் இருப்பது? வலைச் சொந்தக்காரர் மட்டும் இருந்தால் பழவேற்காட்டின் அடைத்த கதவு இங்கும் வரும். வலை இழுப்பவன், சிறுபடகுக்காரன், கருவாடு போடும் தாய், அனைவருக்கும் அங்கே ஆசனம் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஊர்க் கணக்கின்படி அமர வேண்டும். முடிவு எடுப்பது தலையெண்ணிக்கை என்றால் சிறிய ஊர் என்றும் தோற்கும். ஆகவே எல்லைப் பிரச்சினைகளில் இரு ஊரும் இணங்கினாலன்றி முடிவில்லை என்ற விதியும் வேண்டும்.

நான்காவது, வரம்பு. புதிய வலைக்கு உரிமம் கொடுக்குமுன் குழுவின் ஒப்புதல் பெறப்பட வேண்டும். மடியின் கண்ணளவும் இதிற் சேரும். கரைவலை குஞ்சு மீனையும் சேர்த்து வாரும் என்று கடலியல் அறிந்தோர் குறைகூறுவது பொய்யன்று. கென்யா நாட்டில் 2001இல் கரைவலையை முற்றாகவே தடைசெய்தார்கள். நம்மை நாமே கட்டுப்படுத்தாவிட்டால் பிறர் வந்து பூட்டுப் போடுவர். இன்னொன்று: முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் வின்ச் பூட்டிய உழவு இயந்திரத்தால் கரைவலை இழுக்கத் தொடங்கியதும் அங்கே பெரும் பிணக்கு மூண்டது. இயந்திரம் வந்தால் இழுக்கும் கைகள் என்ன செய்யும் என்பதைக் குழு முன்கூட்டியே தீர்மானிக்கட்டும்; முதலாளி தனியே தீர்மானிக்கலாகாது.

ஐந்தாவது, மணல். ஒலுவில் வாயிலிலே குவிவது வடக்குக் கரைக்கு உரிய மணல். வாய்க்காலை மறித்தவன் தண்ணீரை மறுபக்கம் விடவேண்டும் என்பது வயல் நீதி. தெற்கே தேங்கும் மணலை அள்ளி, வடக்கே அரிக்கும் கரையிலே தவறாமல் கொட்ட வேண்டும். துறைமுகங்கள் கரையை மறித்த பல நாடுகளில் இதனைச் செய்கிறார்கள். அள்ளிய மணலை வேறெங்கும் கொண்டுபோகலாகாது, விற்கவுங் கூடாது. அவ்வாறு செய்தால் படகுக்காரனுக்கு வாயில் திறக்கும். காணிக்காரனுக்குக் கரை நிற்கும். கரைவலைக்காரனுக்குப் பாடு திரும்பும். 2018இல் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே கோரிக்கையின் கீழ் நிற்கலாம். துறைமுக அதிகாரசபையும் கரையோரம் பேணல் திணைக்களமும் கடற்றொழில் திணைக்களமும் ஒன்றையொன்று கைகாட்டும் வழக்கத்தை மக்கள் ஒன்றுபட்டு நின்றால்தான் நிறுத்த முடியும்.

ஏன் இன்றே?

நாளை பார்க்கலாம் என்பார் சிலர். 2022ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய ஆண்டு அது. இயந்திரப் படகுகள் கரையிலே கவிழ்ந்து கிடந்தன. எரிபொருள் இல்லாமலும் சோறு போடக்கூடியது கரையும் கையுமே என்பதை அந்த ஆண்டு காட்டிற்று. அந்தக் கரையை நாம் முறையின்றி இழந்தால், அடுத்த நெருக்கடியில் நமக்கு ஒதுங்க இடமிராது.

வாடைக் காலம் வரும்தோறும் கடல் இன்னுஞ் சில அடி உள்ளே வருகிறது. அடுத்த வாடைக்கு முன்னர் முதலாவது பதிவேடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு நாள் குறிப்பது போல, பாட்டுக் கூட்டத்துக்கும் ஊர்கள் நாள் குறிக்கட்டும். பள்ளிவாசல் நிருவாகிகளும் கோயில் வண்ணக்கர்மாரும் அதனைக் கூட்டி வைக்கட்டும். ஆசிரியர்கள் எழுதட்டும், சட்டத்தரணிகள் வாசகத்தைத் திருத்தட்டும், நில அளவையாளர் எல்லை குறிக்கட்டும், விவசாயிகள் தங்கள் வட்டை அனுபவத்தைச் சொல்லட்டும்.

சகோதரர்களே! நமது கரையைப் பற்றிக் கொழும்பிலே கோடு கீறுவோர் உளர். மாவட்ட எல்லை, பிரதேச செயலக எல்லை, தொகுதி எல்லை என்று எத்தனையோ கோடுகளை நாம் பார்த்துவிட்டோம். அவற்றுக்காக ஒருவரோடொருவர் முகம் முறித்தும் கொண்டோம். கரைவலையின் கோடு வேறு வகையானது. இரு முனையையும் இரு அணிகள் பற்றி ஒரே வேளையில் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தால்தான் மடி கரையேறும். ஓரணி இழுத்து மற்றைய அணி நின்றுவிட்டால் மீன் அத்தனையும் திறந்த பக்கத்தால் ஓடிவிடும். இதனைத் தமிழ் மீனவனுக்கோ முஸ்லிம் மீனவனுக்கோ எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கயிற்றின் ஒரு தலைப்பை நாம் பிடிக்கின்றோம். மறு தலைப்பை நீங்கள் பிடியுங்கள்.